எழும்புவதற்கு ஒரு கட்டில்

எனக்கு வேண்டியிருந்தது உயரமான கட்டில் ஒன்று. வேறு ஒன்றுமில்லை. இதை எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

முழங்கால் இரண்டும் போய்விட்டது. வீட்டில் இருந்தது கடையில் மெத்தையோடு வாங்கிய பதிந்த கட்டில். அதில் படுப்பது லேசு. எழும்புவதுதான் பாடு. விடியலில் சுபஹுக்குப் பாங்கு சொன்னதும் என் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்து இழுப்பார். கிணற்றில் விழுந்த மாட்டை இழுக்கிற மாதிரி. ஒருநாள் இழுக்கும்போது அவருடைய இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நானும் கிடந்தேன், அவரும் கிடந்தார். தொழுகையும் தவறியது.

இனி நானே தனியாக எழும்ப வேண்டும் என்று நினைத்தேன். டொக்டரும் உயரத்தில் படுக்கத்தான் சொன்னார்.

இதை மகளிடம் சொன்னதுதான் தாமதம். "பழைய காலத்துக் கட்டிலெல்லாம் உயரம்தானே உம்மா. அன்டிக் ஒன்னு பாப்போம்" என்றாள்.

மகள் மாத்தளை டவுனில் இருக்கிறாள். மருமகன் சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகிற வேன் ஓடுகிறார். அங்கே ஹோட்டல்களில் கிடக்கிற பழைய கதிரை, மேசை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார். அதைப் பார்த்துப் பார்த்து மகளுக்குப் பைத்தியம். சொந்த வீட்டில் இடமில்லை. என் வீட்டில் இடம் இருந்தது.

வேனில் ஏறினோம். என்னை ஏற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

தம்புள்ளை ரோட்டில் முதல் கடை. மகள் கட்டில் பக்கமே போகவில்லை. பித்தளைப் பூட்டுப் போட்ட பெரிய மரப் பெட்டகம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள்.

"உம்மா, எவ்வளவு வடிவு பாருங்க. பழைய சேலையெல்லாம் போட்டு வைக்கலாம்."

"இதுல படுக்கலாமா?"

"படுக்கவா?"

"அப்ப அடுத்தத பாப்போம்."

ஒவ்வொரு கடையிலும் இதே கதை. மகள் எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். பிறகு படம் எடுப்பாள். என் வீட்டுக்காரர் விரலால் தட்டுவார், உளுத்த தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று கீழே குனிவார். மருமகன் சாண் போட்டு அளந்து வேனுக்குள் போகுமா என்று யோசிப்பார். நான் உட்காருவேன். எழும்பிப் பார்ப்பேன். முடியாவிட்டால் கையை நீட்டுவேன். யாராவது இழுப்பார்கள். அடுத்த கடை.

ஒரு கட்டில் நல்ல உயரம். ஆனால் நீளம் இல்லை, கால் வெளியே தொங்கியது. "அந்தக் காலத்து ஆள்கள் கட்டைதானே" என்றார் கடைக்காரர். நான் இந்தக் காலத்து ஆள் என்றேன். இன்னொன்று பிரம்பு பின்னியது. உட்கார்ந்ததும் பிரம்பு போய்விட்டது. நானும் உள்ளே போய்விட்டேன். என்னை வெளியே எடுத்துவிட்டு, அது எவ்வளவு பழைய பின்னல் தெரியுமா என்று அந்தக் கடைக்காரர் எங்களுக்கு ஏசினார்.

வேறொரு கடையில் கறுத்த கட்டில். என் வீட்டுக்காரர் தடவிப் பார்த்தார். விரலும் கறுத்தது.

"இது எவ்வளவு பழசு முதலாளி?"

"நூறு வருசம் இருக்கும்."

"இன்னும் காயல்லயே."

கடைசியில் கலேவெல. அங்கே ஒரு சிங்கள முதலாளி, ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் சேர்க்கிறவர். தமிழ் நன்றாகப் பேசினார். கட்டில் பின்பக்கம் கிடந்தது, மேலே பாய்க் கட்டு. பாயை எடுத்ததும் மகள் வாயில் கை வைத்தாள். பலா மரம். கடைந்த கால்களில் சிவப்பும் மஞ்சளுமாக வளையம். தலைமாட்டுப் பலகையில் நடுவே தாமரை, இரண்டு பக்கமும் கழுத்தை வளைத்த பறவைகள். எல்லாம் கையால் தீட்டியது. அங்கங்கே வெளிறியிருந்தது.

நான் உட்கார்ந்தேன். பாதம் சரியாகத் தரையில் பட்டது. எழும்பினேன். யாருடைய கையும் வேண்டியிருக்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்து எழும்பினேன்.

முதலாளி சிரித்தார். "நோனா கட்டில் வாங்க வந்ததா, எக்சசைஸ் பண்ண வந்ததா?"

"இதத்தான் எடுக்கிறோம்" என்றேன். "இதத்தான் எடுக்கிறோம்" என்று மகளும் அதே நேரத்தில் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றில் ஒத்துப்போய்க் கனகாலம்.

என் வீட்டுக்காரர் அந்தப் பறவைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார், "உருவம் ஈக்குதே."

உயிருள்ளவற்றின் உருவத்தை நாங்கள் அறையில் வைப்பதில்லை. தொழுகிற இடத்தில் முன்னுக்கு வைக்கவே மாட்டோம். நான் அந்த அறையில்தான் கதிரையில் இருந்து தொழுகிறேன்.

"மாத்தயா, அது சும்மா பூவும் குருவியும்தானே" என்றார் முதலாளி.

"பூவப் பத்தி நான் ஒன்னும் சொல்லல்லயே."

"சீலை ஒன்னு போட்டு மூடலாம். ஏத்துங்க" என்றேன் நான்.

"மூடி வைக்கவா இவ்வளவு தூரம் அலைஞ்சோம்?" என்றாள் மகள். ஆனாலும் ஏற்றினோம். காய்ந்த துணியால் மட்டும் துடைக்கச் சொன்னார் முதலாளி. தண்ணீர் கூடாது, பொலிஷ் கூடாது. கட்டிலுடைய பெறுமதியே அந்தப் பெயின்டில்தான் இருக்கிறது என்றார்.

என் அறை சின்னது. ஒரு சுவரில் கதவு, ஒரு சுவரில் அலுமாரி. தலைமாட்டை மேற்குச் சுவரில் வைத்தால் பறவைகள் நேரே தொழ முகம் வைக்கிற கிப்லாவில், என் கதிரைக்கு முன்னால். திருப்பி வைத்தால் கிப்லாவுக்குக் கால் நீட்டிப் படுக்க வேண்டும். அது ஆகவே ஆகாது. மேற்கில்தான் வைத்தோம். மேலே சீலை போட்டேன். ஃபேன் காற்றுக்கு அது நழுவும். கதிரையில் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினதும் ஒரு பறவை எட்டிப் பார்க்கும்.

ஆனால் நான் எழும்பினேன். பாங்கு கேட்டதும் காலைக் கீழே வைப்பேன், எழும்புவேன். என் வீட்டுக்காரர் எழும்பும்போது தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பேன். முதல் நாள் அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார்.

பிறகு ஒருநாள் நான் உடுப்புக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். மரத்தூள் மணத்தது. அவர் கையில் மரம் தேய்க்கிற மண் கடதாசி. பறவைகள் இரண்டுக்கும் தலை இல்லை. கழுத்து வளைந்து போய் வெறும் பலா மரத்தில் முடிந்தது. தாமரை அப்படியே இருந்தது.

"தல இல்லாட்டி உருவம் இல்ல. பள்ளியில பயான்ல சொன்னாங்க" என்றார். "இனிச் சீலை தேவையில்ல."

"மகள்ட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் படம் எடுக்கப் போனை நீட்டினாள். நீட்டினபடியே நின்றாள்.

"வாப்பா, தல எங்க?"

"எடுத்திட்டேன்."

"எடுத்து எங்க வச்சீங்க?"

"எங்க வைக்கிற? ஒரசினேன்."

மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். மருமகன் கலேவெல முதலாளிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார் முதலாளி. சித்திரம் தீட்டுகிறவர் ஒருவர் இருக்கிறாராம். தலையை எழுதி எடுக்க இரண்டு மூன்று மாதம் போகுமாம்.

"எழுதட்டும்" என்றாள் மகள். "அத நான் எங்க வீட்டுல எப்படியாவது வச்சுக்கிறேன். உம்மாவுக்கு வேறொன்னு பாப்போம்."

"பூ மட்டும் உள்ளதா பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதுவரைக்கும் நான் எதுல படுக்கிற?" என்று கேட்டேன்.

"பழைய கட்டில் பின்னுக்கு ஈக்குதுதானே உம்மா. கொஞ்ச நாளைக்கு."

மூன்று பேரும் பேசி முடித்துவிட்டார்கள். மருமகன் சுத்தியல் எடுக்க வேனுக்குப் போனார். நான் அறைக்குப் போனேன். கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

"மாமி, கொஞ்சம் எழும்புங்களே. கழட்டணும்."

"ஏலாது."

பழக்கத்தில் கையைப் பிடிக்க வந்தார்கள். நான் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

"உம்மா, விளையாடாதீங்க. நீங்கதான் இப்ப தனியா எழும்புறீங்களே."

"இந்தக் கட்டில்ல எழும்புவேன். இத எடுக்கப் போறீங்கன்னா ஏலாது."

"வாப்பா, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு இடுப்பு ஏலாது மகள்" என்றார் அவர். "அவவ இனி என்னால இழுக்க முடியாது."

மருமகனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சுத்தியலைக் கீழே வைத்தார். மகள் சிரிக்கவில்லை. தலைமாட்டைப் பார்த்தாள், மூக்கைத் துடைத்தாள். மடித்து வைத்திருந்த சீலையை எடுத்துப் பலகைக்கு மேல் போட்டாள்.

"மூடியே வைங்க. தல இல்லாம என்னால பாக்க ஏலாது."

பின்னேரம் அசருக்குப் பாங்கு சொன்னது. ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். மகள் முகம் கழுவப் போனாள். நான் காலைக் கீழே வைத்தேன். எழும்பினேன்.

சீலை ஒரு பக்கம் நழுவி, தலையில்லாத கழுத்து ஒன்று தெரிந்தது. நான் சீலையைத் தொடப் போகவில்லை.