பிளக் குழியில் மஞ்சள் தண்ணீர்

இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. காரில் கெட்டுப்போன இரண்டு இக்னிஷன் காயில்களையும் வீட்டு வாசலில் நானேதான் மாற்றினேன்.

மதியம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். காரோ நான்கு நாட்களாகக் குலுங்கிக் குலுங்கித்தான் ஓடியது.

பழைய காயிலை உருவியதும் நாற்றம் அடித்தது. அடியில் ஸ்பார்க் பிளக் உட்காரும் குழி முழுக்க மஞ்சள் தண்ணீர். மேலே அழுக்கு நுரை.

போன வாரம் காரமடைக் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோய்ப் பூஜை போட்டுவந்த சித்தப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“சித்தப்பா, இஞ்சின் மேல மஞ்சத்தண்ணி ஊத்துனீங்களா?”

“ஒரு சொம்பு ஊத்துனேன் கண்ணு. தீட்டு ஏதாச்சும் இருந்தாப் போகட்டும்னு.”

“அதுதானுங்க உள்ள எறங்கி காயில் போயிருச்சு.”

சற்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த அன்போடு கேட்டார்.

“பூஜை போட்டதுக்கப்பறம், அந்த மூணு நாள்ல வண்டிய எடுத்தியா அம்மணி? எடுத்திருந்தா அதுதான் காரணம்.”

சொட்டிக்கொண்டிருந்த காயிலை அவர் முன் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தார்.

குழியைத் துணிவிட்டு ஒற்றி எடுத்தேன்.

உங்கள் வீட்டில் வண்டி மக்கர் செய்தால் முதலில் எதைத் திறந்து பார்க்கிறார்கள்? பானட்டையா, பெண்களின் நாட்காட்டியையா? சொல்லுங்கள்.

இன்று எனக்கு இரண்டாம் நாள். புதுக் காயில்களைப் பொருத்தி, கையைக் கழுவிவிட்டு, அம்மாவை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன்.