கழற்றிக் கொடுத்த பிராசஸர்

பாளையங்கோட்டையில் நான் கேம் சென்டர் வைத்திருந்தபோது, கார் பந்தய விளையாட்டு திக்கித் திக்கி ஓடியது. வந்தவர்கள் பக்கத்துக் கடைக்கு மாறினார்கள். பயந்துபோய், கம்ப்யூட்டரைச் சைக்கிளில் கட்டி ஜங்ஷனில் இருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர், காய்ச்சல் பார்ப்பதுபோல எந்தப் பெட்டியையும் முதலில் தொட்டுப் பார்ப்பார்.

“இருக்கதுலயே வேகமான பிராசஸரா போடுங்க, அண்ணாச்சி.”

“அது உம்ம போர்டுல உக்காராதுவே. இதுக்கு இருநூறு மெகாஹெர்ட்ஸ்தான் உச்சம். அது இப்ப எங்கயும் கிடைக்காது.”

“அப்ப கடைய மூட வேண்டியதுதானா?”

அவர் தன் கம்ப்யூட்டரைத் திறந்து, அதிலிருந்த இருநூறைக் கழற்றி என்னுடையதில் மாட்டினார். என் பழையதைத் தான் வைத்துக்கொண்டார்.

“எனக்கு லெட்டர் அடிக்கத்தானவே. பைய ஓடட்டும்.”

மறுவாரம் போனேன். அவர் தட்டிய எழுத்து பிந்திப் பிந்தித் திரையில் வந்தது. லெட்டருக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர் முணுமுணுத்தார்.

“கார் ஓடுதாவே?” என்று மெக்கானிக் என்னைக் கேட்டார்.

நன்றாக ஓடியது. அதை நான் சொன்னபோது, அவர் திரையில் அடுத்த எழுத்து இன்னும் வந்திருக்கவில்லை.