கொடியில் தொங்கிய கோலம்

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு நடக்கும் அரிசிக் கோலப் போட்டிக்கு நானும் அண்ணியும் ஜோடி. எண்பதுகளின் கடைசி அது. முதல் வருஷம் நாங்கள் போட்ட மயில், குடித்துவிட்டு நிற்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கோடு போட்டது நான். என் கைக்கு நேர்கோடு வராது. அதுதான் என் ஸ்டைல் என்று சமாளித்தேன்.

"இந்த வருஷமும் கோணிச்சின்னா, அடுத்த தடவ நான் வேற ஆளோட சேர்ந்துக்குவேன்," என்றார் அண்ணி. சிரிக்காமல் சொன்னார்.

அண்ணி சுபாங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில், லென்ஸ் வழியாகப் பார்த்து முடி போன்ற கம்பிகளை ஒட்டுகிறவர். அவர் தூவும் அரிசியில் ஒரு மணிகூட எல்லை தாண்டாது. அந்தக் கை போய்விட்டால் என் யோசனைகளை வைத்து நான் ஊறுகாய்தான் போடவேண்டும்.

யோசனைக்கு மட்டும் என்னிடம் பஞ்சமே இல்லை. அந்த வருஷம் கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறை ஜன்னலில் நின்றபோது பளிச்சென்று வந்தது: துணி காயும் கொடி! மயிலும் வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம். சாரோங், தொழிற்சாலை யூனிஃபார்ம், சிவப்புப் பட்டுப்புடவை, பக்கத்தில் அண்ணனின் வெள்ளை வேட்டி. துள்ளிக் குதித்தேன்.

அண்ணி அரிசிக்குச் சாயம் ஏற்றி, இரண்டு நாள் பேப்பரில் பரப்பி, விசிறிக்கடியில் காயவைத்தார். போட்டி நாள் காலையில் சிவப்பைப் பார்த்தேன். செங்கல் நிறம். எனக்கு வேண்டியது கல்யாணப் புடவைச் சிவப்பு. அண்ணி குளிக்கப் போன நேரத்தில் இன்னொரு முறை சாயம் ஏற்றினேன். வெளியே மழை. வாணலியில் லேசாகச் சூடுகாட்டி டின்னில் அடைத்துவிட்டேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

மண்டபத்தில் அண்ணி நூலையும் சாக்கட்டியையும் எடுத்து, கொடிக்கு நேர்கோடு அடிக்கப் போனார்.

"அண்ணி, துணி கனக்கும்ல? கயிறு தொங்கணும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாக்கட்டியை என்னிடம் நீட்டினார். ஒரே இழுப்பில் போட்டேன். அப்படியே எங்கள் வீட்டுக் கொடி! அண்ணி வாய்திறந்து பாராட்டவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கால்மணி நேரம் மிச்சம் இருந்தபோது வேட்டியின் ஓரம் இளஞ்சிவப்பானது. ஈரச் சிவப்பு, வெள்ளை அரிசியில் ஊறிக்கொண்டிருந்தது.

"அலாமாக்! நீ என்ன செஞ்ச?" அண்ணி பதறினார்.

சொன்னேன். அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே கோலத்தைப் பார்த்தேன். அப்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, வீட்ல நடக்குறதுதானே இது! புடவைச் சாயம் வேட்டியில ஏறிடுச்சு. விடுங்க, இன்னும் ஏத்துவோம்!"

"இப்படித் திட்டுத்திட்டாவா? பார்க்கச் சகிக்கல. தள்ளு."

உள்ளங்கையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்து மூன்று விதமான ரோஸ் செய்தார். ஓரத்தில் அழுத்தமாக, உள்ளே போகப் போக வெளிறி, மடிப்பில் மட்டும் கொஞ்சம் தேங்கி... நிஜமாகவே சாயம் இறங்கிய வேட்டி! தூவிக்கொண்டே அண்ணி சிரித்தார்.

கண்ணாடி போட்ட நடுவர் அம்மா குனிந்து பார்த்தார். "இந்த வேட்டிய யாரு தொவச்சது?"

அண்ணி என்னைக் கைகாட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, நிமிர்ந்து நின்ற ஒரு மயிலுக்கு.

கிள்ளான் பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை. "அடுத்த வருஷம் யாரோட சேரப்போறீங்க?"

அண்ணி காலி டின்களை மடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கோடு நீயே போடு. சிவப்பு டின்ன மட்டும் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."