பரமகுரு நீட்டிய விரல்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவாப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கல்ல, அண்ணனுக்கு. ராணுவத்தில் சர்வீஸ் முடிந்து ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார். வெறுங்கையோடு போனால் மதினி ஒரு பார்வை பார்ப்பார்.

பின்னால் ஒரு குரல்.

“சார்... பரமகுருவை நிப்பாட்டுன சார்தான நீங்க?”

திரும்பினேன். முன்பின் தெரியாத அம்மா. கையில் மஞ்சள் பை.

“நான் நிப்பாட்டலைம்மா...”

“என்ன இருந்தாலும் நீங்க அந்த ஸ்டாம்ப ஒட்டியிருக்கப்படாது சார்!”

சொல்லிவிட்டு மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் என் தரப்பைச் சொல்லக்கூட அவகாசம் இல்லை.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை வருஷமாக எழுதுகிறேன்? “உங்க பத்தியைப் படிக்கிறேன்” என்று என் சொந்த ஊரில் ஒரு ஆள் என்னை நிறுத்திச் சொன்னதுண்டா? கிடையாது. ஆனால் ஸ்டாம்ப் விவகாரம் மட்டும் மம்சாபுரம் வரைக்கும் தெரிந்திருக்கிறது!

சரி, இன்றைக்கு முழுசாகச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் டி.வி.யில் செவ்வாய்க்கிழமைதோறும் ‘பரமகுரு விசாரிக்கிறார்’ என்றொரு துப்பறியும் தொடர் வந்தது. ஞாபகம் இருக்கும். பரமகுரு ரிட்டையர்டு போலீஸ்காரர். துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. சைக்கிளில் வருவார். எதிராளியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பிப்பார். ஒரு எஸ்டேட் முதலாளிக்கு விஷம் வைத்தது யார்? இதுதான் கதை.

ராஜபாளையத்தில் எங்கள் மதினி வீட்டில் அண்ணன் மிலிட்டரி கேன்டீனில் வாங்கிக் கொடுத்த டி.வி. இருந்தது. மதினிக்குப் பேண்டேஜ் கம்பெனியில் வேலை, துணியை வெட்டிச் சுருட்டிக் கட்டுவது. செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் நேரே அங்கே வந்துவிடுவார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். பரமகுரு தண்ணீர் கேட்டால் இங்கே ஒருத்தி எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள். அப்படி ஒரு ஈடுபாடு.

பதிமூன்றாவது வாரம். எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தார் பரமகுரு. “விஷம் வச்சவங்க இந்த ரூமுக்குள்ளதான் இருக்காங்க...” என்று விரலை மெல்லத் தூக்கினார். யாரை நோக்கி?

படம் அப்படியே நின்றது. எழுத்து ஓடியது. அவ்வளவுதான்! பதிமூன்று வாரத்துக்குத்தான் அனுமதியாம். மேற்கொண்டு நீட்டிப்பது பற்றி சென்னை டி.வி. நிலையம்தான் முடிவு செய்ய வேண்டுமாம். விரலை நீட்டியாயிற்று, தொடரை நீட்டவில்லை. இதென்ன நியாயம் ஐயா? பந்தியில் இலையைப் போட்டுவிட்டு அடுப்பை அணைப்பார்களா?

மறுநாள் காலையிலேயே மதினி அடுத்த தெருவிலிருந்த என் வீட்டு வாசலில்.

“கொழுந்தனாரே, நீங்க கோர்ட்டுலதான இருக்கீய? ஒரு மனு போடுங்க.”

நான் கோர்ட்டில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் இருந்தேன். வேப்பமரத்தடியில் டைப் மெஷினோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னால் மதினி கேட்பாரா? “அவியளுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?” என்றார், அண்ணனை நினைத்து.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் அப்போது எங்கோ வடக்கே எல்லைப் பக்கம். கல்யாணமானதிலிருந்து அவர் போடும் கடிதம் இரண்டே வரி. ‘நலம். நலமறிய ஆவல்.’ அதைத் தாண்டி அவருக்கு எழுத வராது. மதினிக்கும் என்ன எழுதுவதென்று தெரியாது. ஒருமுறை மதினி ஏதோ பேச்சுக்குப் பரமகுரு கதையை ஒரு இன்லண்டு லெட்டர் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறார். பதில் ஒரு பக்கத்துக்கு வந்தது! ‘டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். உனக்கு?’ என்று. அதிலிருந்து புதன்கிழமை ஆனால் மதினி பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் விஷம் வைத்தவனைத் தேடிக்கொண்டே பேசிப் பழகினார்கள். தொடர் நின்றால் மறுபடியும் ‘நலம், நலமறிய ஆவல்’தான். அதுதான் மதினியின் பயம்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. “கவலைப்படாதீங்க மதினி, அடுத்த செவ்வாய்க்குள்ள வந்துரும்” என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்!

நிலையத்துக்குச் சாதாரணமாக ஒரு கடிதம் டைப் அடிக்கத்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் அனுபவம்.

“என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகை மாதிரி அடிக்கீய? மனுன்னா ஒரு முறை இருக்கு. நான் சொல்லுதேன், அடிங்க.”

அடித்தேன். பழக்கதோஷம்... அவர் சொன்னால் என் விரல் தானாக ஓடும். ‘மனுதாரர்கள் மேற்படி ஊரில் நிரந்தரமாக வசித்து வருபவர்கள். மேற்படி பரமகுரு என்பவர் குற்றவாளியைச் சுட்டிக்காட்டும் தருவாயில் எதிர்மனுதாரர் தொடரை நிறுத்திவிட்டதால், மனுதாரர்களுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பும் மனவேதனையும் ஏற்பட்டுள்ளன. ஆகவே மேற்படி நிறுத்தத்துக்கு இடைக்காலத் தடை வழங்கும்படி பிரார்த்திக்கிறோம்.’

படித்துப் பார்த்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது!

கம்பெனிப் பெண்கள் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் இடதுகைப் பெருவிரல் ரேகை வைத்தார்கள். மதினியின் பக்கத்து வீட்டு ராஜம்மா தன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். “நேனு தெலுங்குல போடலாமா?” என்று கேட்டுத் தெலுங்கிலேயே போட்டார். கடைசியில் குமாஸ்தா தன் சட்டைப் பையிலிருந்து கோர்ட் ஃபீ ஸ்டாம்பை எடுத்து, நாக்கில் தொட்டு, மூலையில் ஒட்டினார்.

“இது எதுக்குய்யா?”

“ஸ்டாம்பு இல்லாத மனுவ எவன் மதிக்கான்?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் அது சரிதான். கோர்ட், தாலுகா ஆபீஸ் என்று ஸ்டாம்பைப் பார்த்தால்தான் கண்ணைத் திறக்கிற ஊர் அது. சென்னையிலும் அப்படித்தான் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கம்பெனி வாசலில் எல்லோர் முன்னாலும் நான்தான் சத்தமாகப் படித்தேன்.

‘தங்கள் மனு சட்டப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. மேற்படி தொடர் சம்பந்தமாக வழக்கு நிலுவையில் இருப்பதாகத் தெரியவருவதால், அது முடியும்வரை நீட்டிப்புக் குறித்து முடிவெடுக்க இயலாது. வழக்கு எண்ணைத் தெரிவிக்கவும்.’

கோர்ட் ஸ்டாம்பைப் பார்த்து வழக்கென்றே நினைத்துவிட்டார்கள்! வழக்கே இல்லையே, எண்ணுக்கு எங்கே போவது?

‘ஐயா, வழக்கு ஏதுமில்லை’ என்று எழுதினேன். ‘வழக்கு இல்லை என்பதற்கு நீதிமன்றச் சான்று தேவை’ என்று பதில். கோர்ட் ஆபீஸில் போய்க் கேட்டேன். “எந்த வழக்கு இல்லைன்னு சான்று வேணும்? நம்பர் சொல்லு” என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இப்படியே ஆறு மாசம்! அதற்குள் பரமகுருவாக நடித்தவர் மீசையை எடுத்துவிட்டு சினிமாவில் வில்லனாகப் போய்விட்டார்.

பழி யார் மேல்? குமாஸ்தா மேலா? நிலையத்தின் மேலா? டைப் அடித்தவன் மேல்! கம்பெனி வாசல் வழியாக நான் சைக்கிளில் போனால் பஞ்சு ஒட்டிய கைகள் எல்லாம் என்னை நோக்கி நீளும். “இந்தா போறாருல்ல...” பரமகுரு பாதியில் விட்ட விரலை அவர்கள் நீட்டினார்கள்.

மதினி மட்டும் என்னைக் குறை சொல்லவில்லை. “அவிய லீவுல வரும்போது பரமகுரு பேச்சை எடுத்துராதீய, வருத்தப்படுவாவ” என்றார், அவ்வளவுதான். அதுவே எனக்குக் கூடுதலாக உறுத்தியது. அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

இந்தப் பாரத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை பால்கோவாவை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் தகரப் பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கட்டுக்கட்டாக இன்லண்டு லெட்டர். மதினியின் கையெழுத்து. ஒவ்வொன்றின் மூலையிலும் தொடரின் வார எண். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து... கடைசிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். எண்பத்தாறு!

தொடர் பதிமூன்றோடு முடிந்ததல்லவா?

மதினியைப் பார்த்தேன். அவர் சேலை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தார், பேண்டேஜ் சுருட்டுவதைப் போலவே.

“அடுத்த செவ்வாய்க்குள்ள வந்துரும்னு நீங்கதான சொன்னீய கொழுந்தனாரே? அதுவரைக்கும் ஒரு வாரம் நானா எழுதிப் போட்டேன். பொறவு அடுத்த வாரம்... அதுக்கும் அடுத்த வாரம்...”

கோர்ட்டுக்கும் போஸ்ட் ஆபீஸுக்கும் நான் நாயாக அலைந்துகொண்டிருக்கிறேன், இங்கே வாராவாரம் பரமகுரு ஜோராக விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எரிச்சலில் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

“உங்களுக்குத் தெரியாதாண்ணே?”

“பதினாலாவது வாரமே தெரியும்ல. எஸ்டேட்டுல இருந்த பரமகுரு திடீர்னு மம்சாபுரம் ஸ்டாப்புல இறங்கி பால்கோவா திங்கான். நான் லீவுல வந்தா செவ்வாய்க்கிழமை மட்டும் டி.வி. ரிப்பேர் ஆயிருது. இதுகூடவா தெரியாது?”

“பின்னே ஏன் கேக்கல?”

“கேட்டா நிப்பாட்டிருவாள்ல?” என்றார் அண்ணன், கடிதங்களைப் பார்த்தபடி. “அங்க பனியில எனக்கு வேற என்னலே இருந்துச்சு?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, கையில் கிடைத்த ஒரு கடிதத்தைப் பிரித்தேன். முப்பத்தோராவது வாரம். ‘புதிதாக ஒருவன் மீது பரமகுருவுக்குச் சந்தேகம் விழுந்திருக்கிறது. கோர்ட் வாசலில் டைப் அடிப்பவன். வாய் ஜாஸ்தி. சொன்னதை ஒருநாளும் செய்வதில்லை.’

கண் உடனே காய்ந்தது.

“மதினி, இது யாரு?”

“கதைதான கொழுந்தனாரே...” என்று பால்கோவாவைப் பிரித்தார்.

அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். “ஏட்டி, நான்தான் வந்துட்டேன்ல. இனிமேயாவது சொல்லு, விஷம் வச்சது யாரு?”

மதினி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“செவ்வாய்க்கிழமை வரட்டும்.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன் — சந்தேகப் பட்டியலில் இருக்கிறவன் அங்கே அதிக நேரம் உட்காரக்கூடாது!