சுண்ணாம்பு காட்டிக்கொடுத்த கேப்சூல்

1. என் பெருமை

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்று நான் மார்தட்டிய எட்டாம் நாளே இருபது பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மருத்துவமனை லேப்பிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியின் விளையாட்டு அறிவியல் லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே விரிவுரையாளர் ஷர்மிளா முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கடுமையாக ஓடினால் உடம்பில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடும். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் அதைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி. நோய்நொடி இல்லாத இருபது பேரில் பாதிப் பேருக்குக் குர்குமின், மீதிப் பேருக்கு அரிசி மாவு. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, ஷர்மிளாவுக்கும் தெரியாது. பட்டியல் ஒட்டிய உறைக்குள் அலுவலகத்தில் இருந்தது.

கேப்சூலைப் பிரித்துப் பார்த்தாலும் தெரியக்கூடாது என்று மாவுக்கு மஞ்சள் சாயம் போடச் சொன்னது நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

வந்தவர்கள் மாசாயில் ஒரு தொழிற்சாலையின் கால்பந்துக் குழு. கேப்டன் சேகரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். முதல் நாளே கேட்டார்: "மிஸ்ஸி, எனக்கு மஞ்சளா, மாவா?" எங்கள் பக்கம் ஊசி பிடித்தவர் எல்லாருமே மிஸ்ஸிதான். அப்போதுதான் நான் அப்படி மார்தட்டினேன்.

2. எட்டாம் நாள்

டிரெட்மில்லில் ஓடி முடித்து, கையை நீட்டியபடியே சேகரன் சிரித்தார்.

"எனக்கு மஞ்சள்தான் மிஸ்ஸி. கவிதா கண்டுபிடிச்சிட்டா."

கவிதா அவர் மனைவி. "எப்படி?" என்றேன்.

"ஆரத்திக்குக் கரைக்கிற மாதிரி கரைச்சி, சுண்ணாம்பு போட்டா. டக்குனு சிவந்துருச்சி. நம்ம டீம் மணியோடது மஞ்சளாவே கெடந்துச்சி. அப்புறம் டீம்ல எல்லாரும் ஆளுக்கொண்ணு கொண்டாந்து பார்த்துட்டாங்க லா."

"பார்த்ததோட விட்டீங்களா?"

"மாவு கெடைச்சவனுங்க பாவம்ல? அதான் மஞ்சள ஆளுக்குப் பாதியா பிரிச்சி முழுங்குறோம்."

அலமாக்! ஐயோ, ஆய்வே போச்சு! என் முகத்தைப் பார்த்து அவரும் பயந்துவிட்டார். "மேடம்கிட்ட சொல்லிறாதீங்க மிஸ்ஸி."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ரத்தம் ஃப்ரீசருக்குப் போயிருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். ஆனால் ஷர்மிளா தன் பெயரைப் போட்டு ஒரு பொய்யை எழுதியிருப்பார். நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கண் கலங்கியது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஐந்து மாதம்தான் இருந்தது. "சுண்ணாம்பா?" என்றார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார். "ஆன்ட்டி, நம்ம ரெண்டு பேரும் தமிழ் வீட்லதான பொறந்தோம்? நமக்கு ஏன் தோணல?"

அன்றே இருபது பேரின் ரத்தத்தையும் ஆய்விலிருந்து கழித்துவிட்டார்.

3. மாசாய்த் திடல்

மறுநாள் மாலை மாசாய்த் திடலுக்குப் போய் எல்லாரையும் உட்காரவைத்தேன். "மாவு சாப்பிட ஆளே இல்லன்னா, மஞ்சள் வேல செஞ்சிச்சா, நீங்க ஓடிப் பழகினதால உடம்பு தேறிச்சான்னு எப்படிப்பா தெரியும்? மாவு சாப்பிடுறவனும் மஞ்சள் சாப்பிடுறவன் அளவுக்கு முக்கியம்."

 சேகரன், "இத மொதல்லயே சொல்லியிருந்தா தொட்டே இருக்க மாட்டோமே மிஸ்ஸி" என்றார்.

சுருக்கென்றது. படிவத்தில் கையெழுத்து வாங்கினேன், விதிகளைப் படித்துக்காட்டினேன், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. போதாததற்குச் சவால் வேறு விட்டிருக்கிறேன்.

சேகரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூலாய் வரை அலைந்து, வேறு குழுக்களிலிருந்து இருபது பேரைச் சேர்த்துக் கொடுத்தார். இம்முறை ஒவ்வொருவரிடமும் முதலில் காரணத்தைச் சொன்னேன், பிறகுதான் பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு கேப்சூல்கூடப் பிரியவில்லை.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, முடிவு என்ன என்பதை ஷர்மிளாவின் ஆய்வேட்டில் படித்துக்கொள்ளுங்கள். நான் கற்றது இதுதான்: கை நீட்டுகிறவருக்கு ஏன் என்று சொல்லிவிட்டு ஊசியை எடுங்கள்.

ஷர்மிளா பட்டம் வாங்கிய அன்று, சேகரனும் கவிதாவும் லேப் வாசலில் தாம்பாளத்தோடு நின்றார்கள். மஞ்சள் தண்ணீரில் கவிதா சுண்ணாம்பைக் கரைத்தார். தண்ணீர் சிவந்தது.

"இது மாவு இல்ல டாக்டர்," என்றார் கவிதா. "செக் பண்ணிட்டேன்."