நாலை எட்டாக்கிய பஸ்

“அம்மா, இது நீயே சொல்றியா, இல்ல விசாரிச்சுச் சொல்றியா?”

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் வர்ஷினி நாலு நாளாக என்னிடம் கேட்கும் கேள்வி இது. ரசத்துக்கு உப்பு சரியாக இருக்கிறது என்றாலும் கேட்கிறாள். இன்று மழை வராது என்றாலும் கேட்கிறாள். 

எல்லாம் ஒரு கணக்கால் வந்த வினை.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. போனதும் டெஸ்ட் என்றார்கள். பயிற்சியில் ஒரு கணக்கு மட்டும் வரவில்லை என்று கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஆறு எக்ஸ் பிளஸ் நான்கு, ஈக்வல் டு ஜீரோ.

நானும் ஒரு காலத்தில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள்தான். இதற்கு வழி தெரியும். இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கினால் நான்கு, கூட்டினால் ஆறு. மைனஸைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதானே?

“அம்மா பார்த்துச் சொல்றேன், நீ கிளம்பு” என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

போனில் தேடியிருக்கலாமே என்பீர்கள். ‘எதுக்கெடுத்தாலும் போனைப் பார்க்காதே, மூளையைப் பயன்படுத்து’ என்று முதல் நாள்தான் அவளுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன். எப்படிப் பார்ப்பது?

கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். புத்தூரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது. வழக்கமான டிராஃபிக். சீட்டை எடுத்துவைத்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். “என்னங்க, சீட்டுப் பணமா?”

“இல்லக்கா, பொண்ணோட கணக்கு. பெருக்கினா நாலு வரணும், கூட்டினா ஆறு வரணும்.”

“ரெண்டும் ரெண்டும்?”

“கூட்டினா நாலுதான் வருது.”

“நாலும் ஒண்ணும்?” இது முன் சீட்டில் இருந்த வேட்டிக்காரர்.

“அஞ்சு வருதுங்க. ஒண்ணு குறையுது.”

“ஒண்ணுதானே? முன்னப்பின்ன இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?”

பஸ்ஸே சிரித்தது. பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வானத்தைப் பார்த்து முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். கல்லூரிப் பையன் ஒருவன்கூட இயர்போனைக் கழற்றிவிட்டு யோசித்தான்.

கடைசியில் கண்டக்டர்தான் தீர்ப்புச் சொன்னார். “ரெண்டும் நாலும் ஆறு. ரெண்டு நாலு எட்டு. மேடம், உங்க புக்ல நாலுன்னு இருக்கறது தப்பு. அது எட்டு. பிரிண்ட் மிஸ்டேக்!”

“அதானே!” என்றது பஸ். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. இத்தனை பேர் தேடியும் கிடைக்காத எண் எப்படி இருக்க முடியும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வர்ஷினியின் பாடப்புத்தகத்தில் நான்கை அடித்து எட்டு என்று எழுதினேன். பேனாவால்.

“புக்ல எப்படிம்மா தப்பு இருக்கும்?”

“புக்கும் மனுஷங்க அடிச்சதுதானே?”

“யார் சொன்னா?”

ஒரு பஸ் சொன்னது என்று எப்படிச் சொல்வது? “விசாரிச்சேன்” என்றேன்.

மறுநாள் டெஸ்ட். போர்டில் மிஸ் எழுதியதும் அதே கணக்குதான். வர்ஷினி சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவளிடம், “அது நாலு இல்லடி, எட்டு. எங்கம்மா விசாரிச்சுட்டாங்க” என்றிருக்கிறாள். அந்த ரகசியம் பெஞ்சு பெஞ்சாகப் போயிருக்கிறது. ஏழு பெண்கள். ஏழு பேரும் நாலை எட்டாக்கி, இரண்டு, நான்கு என்று அழகாக விடை எழுதியிருக்கிறார்கள்.

ஏழு முட்டை. டைரியில், ‘அம்மா வரவும்’.

போனேன். மிஸ் என்னைவிடச் சின்னப் பெண். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“புக் சரியாத்தாங்க இருக்கு. எல்லாக் கணக்கும் முழு எண்ணாப் பிரியாது மேடம். பிரியாததுக்குத்தான் ஃபார்முலா. வர்ஷினி வராத அன்னைக்குத்தான் நடத்தினேன்” என்று போட்டுக் காட்டினார். ஒரு எண், மூன்றுடன் ரூட் ஐந்தைக் கூட்டினால் வருவது. இன்னொன்று, மூன்றிலிருந்து ரூட் ஐந்தைக் கழித்தால் வருவது. கூட்டினால் ரூட் ஐந்து அடிபட்டு ஆறு. பெருக்கினால் ஒன்பதில் ஐந்து போக நான்கு. நான் மனதுக்குள் இரண்டு தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது!

அதாவது, ஒன்று ஐந்தே காலுக்குக் கொஞ்சம் கம்மி. மற்றது முக்காலுக்குக் கொஞ்சம் அதிகம். முன்னப்பின்ன! அத்தனை பேரில் உண்மைக்குப் பக்கத்தில் போனவர் அந்த வேட்டிக்காரர்தான். அவரைப் பார்த்து நானும்தானே சிரித்தேன்?

சனிக்கிழமை ஏழு பேருக்கும் மறு டெஸ்ட். வர்ஷினி ஃபார்முலாவைத் தானே படித்துக்கொண்டாள். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. போன வாரம் வரை, ‘அம்மா, இது எப்படி?’ என்று பின்னாலேயே வந்தவள். ‘எனக்குத் தெரியல, வா, சேர்ந்து பார்க்கலாம்’ என்று அன்றைக்கே சொல்லியிருந்தால்? சொல்ல வாய் வரவில்லையே... அம்மாவாயிற்றே!

இனி அவள் மறுபடி என்னிடம் சந்தேகம் கேட்க நான் என்ன செய்ய வேண்டும்? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், ப்ளீஸ்.

ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து தனித்தனியாக யோசித்து எழுதுங்கள். எல்லாரும் கூடிப் பேசி ஒரே முடிவாகச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.