எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கொக்கி

எங்கள் தெருவில் போர்டு எழுதும் பெயிண்டருக்கு அரைத்தூக்கம் என்று பெயர். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டுதான் எழுதுவார். ஆனால் ஒரு கோடு கோணியதில்லை. அவர் ஏணியில் நின்றால் கீழே போகிற வண்டிகள் ஹாரன் அடிக்க மறந்து கொட்டாவி விட்டுக்கொண்டு போகும். அவர் எழுதிய ஆங்கில 'ஓ' எழுத்துக்குள் ஒரு புறா நுழைந்து அந்தப் பக்கமாகப் பறந்துபோனதைப் பார்த்தவள் நான். நம்பாதவர்கள் புறாவையே கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வாரம் அவருக்குத் துணிக்கடையில் வேலை. பெண்கள் பிரிவுக்கு 'விமன்ஸ்', குழந்தைகள் பிரிவுக்கு 'சில்ட்ரன்ஸ்'. இன்னாருடையது என்று காட்ட ஆங்கிலத்தில் எஸ்ஸின் தோளருகே ஒரு சின்னக் கொக்கி தொங்குமே, அதை இரண்டிலும் எஸ்ஸுக்கு முன்னால் போட்டார். சரிதான். விமனும் சில்ட்ரனும் எஸ் சேராமலே கூட்டமாகிவிட்ட சொற்கள். கூட்டம் என்றாலும் கொக்கி முன்னால்தான் என்று அவருடைய தூக்கத்தில் பதிந்துபோயிற்று.

அந்த மயக்கத்தோடு தையல்கடைப் பலகைக்கு வந்தார். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு மெஷின் போட்டு நடத்தும் கடை. பெயர் 'சிஸ்டர்ஸ் டெய்லரிங்'. மத்தியான வெயில் பலகையில் தேனாக வழிந்தது. உள்ளே மெஷின்கள் வண்டுகள்போல முனகின. பிரஷ் தானாக நீந்திப் போய் எஸ்ஸுக்கு முன்னால் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பியது.

தங்கை வெளியே வந்து நிமிர்ந்து படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"பெயிண்டரண்ணே, இது ஒரே ஒரு சிஸ்டரோட கடைன்னு எழுதியிருக்கு."

"ரெண்டு பேருன்னு தெரிஞ்சுதாம்மா எழுதினேன்."

"ரெண்டு பேருன்னா எஸ்ஸை முடிச்சிட்டு அப்புறம் கொக்கி. முன்னாடி போட்டா ஒருத்திதான். அக்கா சொல்லித்தானே போட்டீங்க?"

கொஞ்ச நாளாகவே வருகிறவர்கள் 'உங்க அக்கா கடை' என்பதும், அக்கா அதைத் திருத்தாமல் சிரிப்பதும் அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் மெஷினுக்கு மூடியைப் போட்டாள்.

"மெஷினை எங்கடி கூட்டிட்டுப் போறே, சினிமாவுக்கா?" என்றாள் அக்கா.

"இது உன் கடையாம். போர்டே சொல்லுது. நீயே வச்சுக்கோ, நான் தனியாத் தச்சுக்கறேன்."

அக்காவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுதான். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"எதுண்ணே? அந்தக் கொசுவா?"

"அந்தக் கொசுதாம்மா. எஸ்ஸுக்குப் பின்னாடி இருந்தாத்தான் ரெண்டு பேரு கடை. தப்பு என்னுது. துணிக்கடை நெனப்புல போட்டுட்டேன்."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "போர்டுல நான் போடச் சொல்லலடி. ஆனா 'அக்கா கடை'ன்னு சொன்னவங்ககிட்ட வாயைத் திறக்காம இருந்தேன் பாரு, அது நான்தான்."

சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு, பெயிண்டர் இறங்கி நின்றிருந்த ஏணியில் கிடுகிடுவென ஏறினாள். ஈரமாக இருந்த கொக்கியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஏணியில் தொங்கிய பெயிண்ட் டப்பாவில் விரலை முக்கி எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு அப்பு அப்பினாள்.

"விழுந்து தொலைக்காதே, அக்கா!" தங்கை ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள்.

அரைத்தூக்கத்துக்கு அன்றைக்குத்தான் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன. "ஐயோ, அது கொக்கி இல்லம்மா, உருளைக்கிழங்கு! தள்ளுங்க, திருத்திடறேன்."

"கை வச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றாள் தங்கை. "அது அங்கேயே இருக்கட்டும். நீ இறங்கு அக்கா, காலர் பாதியில நிக்குது."